சனிக்கிழமை ஆட்டத்தில் தொடங்கும் பேச்சு ஏன் முட்டை விலையில் போய் நிற்கிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் கொலம்பஸ் நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள். லேபில் உடன் வேலை செய்பவர்கள் திங்கட்கிழமை காலையில் சனிக்கிழமை நடந்த பல்கலைக்கழக அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தைப் பேச ஆரம்பிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு கேஸ் (இங்கே பெட்ரோலைத்தான் அப்படிச் சொல்வார்கள்) விலைக்குப் போகிறது. அப்புறம் வாடகை, கல்விக்கடன், முட்டை விலை, யாருக்கு வேலை போனது என்று நீள்கிறது. பேச்சு தடம் மாறிவிட்டதாக அவர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. இது ஏன், இந்த ஆட்டத்தால் ஊருக்கு நிஜமாகவே பணம் வருகிறதா, நான் கட்டும் ஃபீஸில் இதற்கும் ஒரு பங்கு போகிறதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: இந்த ஆட்டத்துக்கான பணம் யார் பையிலிருந்து கிளம்புகிறது? அதைப் பின்தொடர்ந்து போனால், உங்கள் லேப் நண்பர்கள் முதலிலிருந்து கடைசி வரை ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள் என்பது தெரியும்.

நான் மிட்வெஸ்ட்டில் வேறொரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதிப் பொருளியல் கற்பிக்கிறேன். பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகளின் வரவுசெலவுக் கணக்கை மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது என் பாடத்தில் ஒரு பகுதி. அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்புக்குக் கொடுக்கும் கணக்கறிக்கையைப் பெரும்பாலான மாநிலங்களில் பொது ஆவணச் சட்டப்படி யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். நோட்ரடேம் மாதிரித் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கீழே சொல்வது பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றியது. சில வழக்குகளையும் தொட வேண்டியிருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை. அந்தத் தீர்ப்புகள் பணத்தை எங்கே நகர்த்தின என்பது வரைக்கும்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். 1922-ல் திறந்த ஒஹாயோ ஸ்டேடியத்தில் இன்று 1,02,780 பேர் உட்காரலாம். காரில் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர். நெப்ராஸ்காவின் லிங்கன் நகர மைதானத்தில் 1962-லிருந்து எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்துகொண்டே வருகிறது. ஆட்ட நாளில் அந்த மைதானம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள், கணக்குப் பார்த்தால் அது சரியும்கூட. இவ்வளவு பேரும் மாணவர்களா என்றால், இல்லை. மாணவர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருப்பார்கள். மீதியெல்லாம் முன்னாள் மாணவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடப் படிக்காத ஊர்க்காரர்கள். இதே ஒஹாயோவின் டொலிடோவில் பிளம்பராக இருப்பவர், டேட்டனில் நர்ஸாக இருப்பவர். தாத்தா கூட்டிப்போனார், அப்பா கூட்டிப்போனார், இப்போது இவர் தன் பிள்ளையைக் கூட்டிப்போகிறார். காலேஜ் ரசிகர் என்றதும் இருபது வயதுப் பையனை நினைத்துக்கொண்டால் இந்தப் பேச்சு பிடிபடாது. பேச்சின் அடிநாதம் வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தலைமேல் இருக்கும் ஒரு குடும்பத்தலைவருடையது. உங்கள் லேப் நண்பர்கள் அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள்.

அந்த வீட்டில் ஒரு சனிக்கிழமை எப்படிப் போகிறது என்று பாருங்கள். டொலிடோவிலிருந்து கொலம்பஸ் சுமார் 140 மைல். பிக்கப் டிரக் என்றால் போய்வர டேங்கில் பெரும்பகுதி காலி. இருட்டோடு கிளம்பி வந்து, பார்க்கிங்குக்குக் காசு கட்டி, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கரி அடுப்பைப் பற்ற வைப்பார்கள். இதுதான் டெயில்கேட்டிங். ஐஸ்பெட்டி நிறைய பியர், மடக்கு நாற்காலிகள், மேலே ஒரு துணிக்கூடாரம். பக்கத்து வண்டிக்காரரைப் பல வருடமாகப் பழக்கம். ஆனால் இந்த மைதானத்துக்கு வெளியே ஒரு நாளும் சந்தித்திருக்க மாட்டார்கள். ஆட்டம் தொடங்கும் வரை மூன்று நான்கு மணி நேரம் அந்த அடுப்பைச் சுற்றித்தான் நிற்க வேண்டும். கையில் இருப்பது இறைச்சி, வரும் வழியில் போட்டது கேஸ், சட்டைப் பையில் இருப்பது போன வருடத்தைவிட விலை கூடின டிக்கெட். வேறு எதைப் பேசுவார்கள்?

நானும் அந்த அடுப்புகளைச் சுற்றி நின்றிருக்கிறேன். 2022 ஜூன் மாதம் நாட்டின் விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டது, நாற்பது வருடத்தில் காணாத அளவு. கேஸ் சராசரி காலனுக்கு 5 டாலர் ஆனது. செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கியபோது கேஸ் கொஞ்சம் இறங்கியிருந்தது, கடையில் மளிகை விலை இறங்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் மாட்டு விலா எலும்பு சுடுகிற ஒருவர் அந்த சீசனின் முதல் ஆட்டத்துக்குக் கோழித்தொடை கொண்டுவந்தார். ஒருவர் ஏன் என்று கேட்டார். அவர் விலையைச் சொன்னார். அவ்வளவுதான், அந்த வட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டில் எதைக் குறைத்தோம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கேபிளை நிறுத்தியிருந்தார்கள், இன்னொரு வீட்டில் கோடைப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். சம்பளம் எவ்வளவு என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு. ஆனால் எதைக் குறைத்தாய் என்று அடுப்படியில் கேட்கலாம். ஒரே ஜெர்ஸி போட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கு அந்த உரிமை கிடைத்துவிடுகிறது. இந்த ஊர்களில் சம்பளம் வேறு, தொழில் வேறு, ஓட்டுப் போடும் கட்சி வேறு என்று இருப்பவர்கள் இப்படி மணிக்கணக்கில் சேர்ந்து நிற்கிற இடங்கள் குறைவு. நான் இந்தப் பேச்சை மதிப்பதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தடுத்த வருடங்களிலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 2021-ல் 3 சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் முப்பது வருட வீட்டுக்கடன் வாங்கியவரும், 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கிவிட்ட வட்டியைப் பார்த்து வீடு வாங்குவதையே விட்டவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் இடையில் நான்கைந்து வயதுதான் வித்தியாசம் இருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்திவைத்த மத்திய அரசுக் கல்விக்கடன் தவணைகள் 2023 அக்டோபரில், சரியாக ஃபுட்பால் சீசன் நடுவில், மறுபடி தொடங்கின. பறவைக்காய்ச்சலால் கோழிப்பண்ணைகள் அடிபட்டு 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டை சராசரியாக 6 டாலரைத் தாண்டியது. உங்கள் லேபில் காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி ஒரு தேதி உண்டு.

இனி டிக்கெட்டுக்கு வருவோம், ஏனென்றால் கேள்வியின் முடிச்சு அங்கேதான். பெரிய அணிகளின் நல்ல இருக்கைகளை வெறும் டிக்கெட் விலை கொடுத்து வாங்க முடியாது. முதலில் விளையாட்டுத் துறைக்கு நன்கொடை கொடுக்க வேண்டும். ஒஹாயோ ஸ்டேட்டில் அதற்கு பக்கை கிளப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை வருடமாகக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இருக்கை. நம் ஊர்த் திருவிழாவில் தலைக்கட்டு வரி கொடுத்த குடும்பத்துக்குத்தான் முறை உண்டு, வெளியூரில் வேலை பார்த்தாலும் வரியை அனுப்பிவிட வேண்டும் என்பார்கள் அல்லவா, அந்த மனநிலையோடு இதைப் பார்த்தால் புரியும். விட்டுவிட்டால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம் என்ற பயம் இருக்கிறது. 2017 வரை இந்த நன்கொடையில் 80 சதவீதத்தை வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம். அந்த டிசம்பரில் வந்த வரிச்சட்டம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. எனவே ஆட்டமில்லாத மாதங்களில் புதுப்பிக்கும் கடிதம் வரும்போது, ஒரு நடுத்தரக் குடும்பம் உட்கார்ந்து அந்த வருடத்துக்கான தன் நிலைமையைக் கணக்குப் போடுகிறது. வேலை நிலைக்குமா, காரை மாற்ற வேண்டுமா, மூத்தவள் காலேஜ் போகிறாளா? கடைசியில்தான் டிக்கெட்டை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற முடிவு. "இந்த வருடம் புதுப்பித்தாயா?" என்று ஒருவர் கேட்டால் அதற்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

டிவி பணம் இதைவிடப் பெரியது. 1984 வரை எந்த ஆட்டத்தை டிவியில் காட்டலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. கட்டுப்படுத்தியது. ஒக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் நிர்வாகங்கள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அதற்கப்புறம் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள் தாங்களே பேரம் பேச ஆரம்பித்தன. ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் கூட்டமைப்பு 2022-ல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களோடு ஏழு வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் சொல்லின. டிவிக்குத் தோதாக 2024-ல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ, யுஎஸ்சி, அப்புறம் ஆரிகன், வாஷிங்டன் எல்லாம் பிக் டென்னில் சேர்ந்து 18 அணிகள் ஆகிவிட்டன. அட்லான்டிக் கரை நியூ ஜெர்சி மாணவர்களும் பசிபிக் கரை மாணவர்களும் ஒரே கூட்டமைப்பில் விளையாடுகிறார்கள். இந்தப் பணம் யாருடையது? கேபிள், ஸ்ட்ரீமிங் கட்டணம் கட்டும் ஒவ்வொரு வீட்டினுடையதும்தான். ஃபுட்பாலே பார்க்காத வீடும் இதில் அடக்கம். 2023-லிருந்து சில பிக் டென் ஆட்டங்கள் என்பிசியின் பீகாக் செயலியில் மட்டும்தான் வருகின்றன, அதற்குத் தனிச் சந்தா. ஆட்ட நேரத்தையும் டிவிதான் முடிவு செய்கிறது. பல ஆட்டங்களுக்குப் பகல் 12 மணியா, இரவு ஏழரையா என்பதே ஆறு முதல் பன்னிரண்டு நாள் முன்னால்தான் தெரியும். அதற்குள் ஹோட்டல்காரர்கள் இரண்டு இரவுக்குக் குறைந்து அறை தருவதில்லை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள்.

விளையாடுகிற மாணவர்களுக்குப் பணம் வந்ததைப் பற்றி உங்கள் நண்பர்கள் கொஞ்சம் சூடாகப் பேசியதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சூட்டையும் புரிந்துகொள்ளலாம். பல பத்தாண்டுகளாகக் கோச்சுக்கும் கட்டடத்துக்கும் கோடிக்கணக்கில் போனது; விளையாடிய பையனுக்கு ஸ்காலர்ஷிப், தங்கல், சாப்பாட்டைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கிடையாது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அது கல்வி தொடர்பான சலுகைகளைப் பற்றிய குறுகிய தீர்ப்புதான், ஆனாலும் கதவு திறந்துவிட்டது. அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு மத்திய நீதிபதி ஒப்புதல் கொடுத்த சமரசத்தின்படி, பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர் பத்து வருடத்தில் பட்டுவாடா ஆகும். அதோடு முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2.05 கோடி டாலர் வரை விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். இது நியாயம் என்பது என் திடமான கருத்து. லட்சம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வரும் வேலையைச் செய்பவனுக்கு அந்தக் காசில் பங்கு இருந்தாக வேண்டும்.

ஆனால் அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டென்னசி பல்கலைக்கழகம் 2025 சீசன் டிக்கெட்டில் 10 சதவீதத்தைத் திறமைக்கட்டணம் என்று பெயர் வைத்தே கூட்டியது. அது போக, ரசிகர் குழுக்கள் அணிக்காக மாதாமாதம் பணம் திரட்டுகின்றன. கோச்சின் சம்பளமும் இதனால் குறையவில்லை: ஒஹாயோ ஸ்டேட் 2024 நவம்பரில் மிச்சிகனிடம் 13-10 என்று சொந்த மண்ணில் தோற்றபோது கோச் ரயன் டேயைத் தூக்க வேண்டும் என்று ஊரே கத்தியது. ஜனவரியில் அதே அணி தேசியப் பட்டத்தை வென்றது, பிப்ரவரியில் அவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1.25 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் தன் கோச்சை வேலையை விட்டு அனுப்பவே சுமார் 7.6 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. கம்பெனியில் ஆள்குறைப்பில் வேலை போய், சில வாரச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் இதைப் படிக்கும்போது என்ன பேசுவார் என்று நினைத்துப் பாருங்கள். அணி மாறிப்போகும் ஆட்டக்காரனைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தன் கம்பெனியில் விசுவாசத்துக்கு என்ன மதிப்பு என்பதில் போய் முடிக்கிறார். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

சரி, ஊருக்குப் பணம் வருகிறதா? ஆட்ட நாளில் ஹோட்டல், பார், டி-ஷர்ட் கடை, வீட்டு முற்றத்தில் நாலு கார் நிறுத்த இடம் விடுகிறவர், எல்லாருக்கும் வரும்படி உண்டு, அது உறுதி. 2020-ல் பிக் டென் ஆட்டங்கள் பார்வையாளர் இல்லாமல் நடந்தபோது சிறிய பல்கலைக்கழக ஊர்களின் சாப்பாட்டுக் கடைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சந்தேகம் வருவது, பல்கலைக்கழகங்கள் ஆலோசனை நிறுவனங்களைக் கொண்டு வெளியிடும் "எங்களால் மாநிலத்துக்கு இத்தனை கோடி" என்ற அறிக்கைகளில்தான். டொலிடோக்காரர் கொலம்பஸில் செலவழித்த நூறு டாலர், அந்த வாரம் டொலிடோவில் செலவாகாமல் போன நூறு டாலர். மாநிலத்துக்கு அதில் லாபம் எதுவும் இல்லை. கூட்டத்துக்குப் பயந்து உள்ளூர்க்காரர்கள் அன்று கடைக்கே போக மாட்டார்கள், அந்த நஷ்டத்தை யாரும் கழிப்பதில்லை. ஹோட்டல் அறை வாடகை மூன்று மடங்கானால் அந்தக் கூடுதல் பணம் அறையைச் சுத்தம் செய்பவருக்குப் போவதில்லை, பெரும்பாலும் வெளியூர் முதலாளிக்குப் போகிறது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்க்கும் பொருளியலாளர்களுக்குக் கிடைக்கும் நிகர லாபம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கிறது. கொலம்பஸ் மாநிலத் தலைநகர், சுமார் ஒன்பது லட்சம் பேர் வாழும் ஊர், ஃபுட்பால் இல்லாவிட்டாலும் அது நிற்கும். பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ், அலபாமாவின் டஸ்கலூசா போன்ற, பல்கலைக்கழகத்தைச் சுற்றியே வாழும் ஊர்களின் கதை வேறு. டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழக அணிக்கு நிக் சேபன் கோச்சாக வந்த 2007-க்குப் பிறகு வெளிமாநில மாணவர்கள் வெள்ளமாக வந்து சேர்ந்தார்கள், அவர்கள் கட்டும் ஃபீஸும் அதிகம். அதில் எவ்வளவு வெற்றியால் வந்தது, எவ்வளவு பல்கலைக்கழகம் வாரிக்கொடுத்த ஸ்காலர்ஷிப்பால் வந்தது என்று பிரிப்பது கடினம், இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன.

ஆட்டத்தின் முடிவு மனதை எவ்வளவு அசைக்கிறது என்பதிலும் நம்பக்கூடியது, நம்பக்கூடாதது இரண்டும் இருக்கின்றன. தேர்தலுக்கு முந்தைய பத்து நாளில் உள்ளூர் காலேஜ் அணி வென்றால் பதவியில் இருக்கும் கட்சிக்கு 1.61 சதவீதப் புள்ளி ஓட்டு கூடுகிறது என்று 2010-ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2015-ல் வேறு இருவர் அதே தரவை வேறு வழிகளில் சோதித்து, அது தற்செயலாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். நான் இரண்டாமவர்கள் பக்கம். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் அணி அதிகம் வெல்லும் பருவத்தில் மாணவிகளை ஒப்பிட மாணவர்களின் மதிப்பெண் இறங்குகிறது என்று மூன்று பொருளியலாளர்கள் கண்டது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது, தேர்வுக்காலத்தில் என் வகுப்பும் அதையே சொல்கிறது. லூயிசியானாவில் எல்எஸ்யூ (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி எதிர்பாராமல் தோற்ற அடுத்த வாரம் சிறார் நீதிமன்ற நீதிபதிகள் கூடுதல் தண்டனை கொடுத்தார்கள் என்ற ஆய்வு மனதைக் குலைக்கக்கூடியது. அந்தச் சுமை கறுப்பினச் சிறுவர்கள் மேல் விழுந்தது என்றும், எல்எஸ்யூவிலேயே படித்த நீதிபதிகளிடம் இது தூக்கலாக இருந்தது என்றும் அதில் இருக்கிறது. ஒரே மாநிலத்து ஆய்வு என்பதால் மற்ற இடங்களுக்கு நீட்டிச் சொல்ல மாட்டேன்.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அமெரிக்கர்கள் பொருளாதாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் பேர்பெற்ற நுகர்வோர் மனநிலைக் கணக்கெடுப்பை 1940-களிலிருந்து நடத்துவது கொலம்பஸ்காரர்களின் பரம எதிரியான மிச்சிகன் பல்கலைக்கழகம்தான். 2022 ஜூனில் அந்தக் குறியீடு அதுவரை காணாத 50-க்கு விழுந்தது. வேலையின்மை அப்போது மிகக் குறைவு. ஆனாலும் விலைவாசிதான் மக்கள் மனதைப் பிடித்திருந்தது. அதே கணக்கெடுப்பில், வெள்ளை மாளிகையில் கட்சி மாறியதும் இரு கட்சிக்காரர்களின் பதிலும் சில வாரங்களுக்குள் தலைகீழாவதைப் பார்க்கலாம், பொருளாதாரம் அவ்வளவு வேகமாக மாறியிருக்காது. அதனால் லேபில் ஒருவர் "நாடே நாசமாகிவிட்டது" என்றோ "எல்லாம் பிரமாதம்" என்றோ சொன்னால் அதை அவர் கட்சியின் குரலாகவும் கேளுங்கள். "என் வாடகை போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு" என்று சொன்னால் அதை அப்படியே நம்பலாம். முதல் வகைப் பேச்சைவிட இரண்டாம் வகைப் பேச்சிலிருந்து நான் கற்றது அதிகம்.

கடைசியாக உங்கள் ஃபீஸ். ஒஹாயோ ஸ்டேட்டின் விளையாட்டுத் துறை தன் காலில் நிற்கிறது, மாணவர் கட்டணத்திலிருந்து எடுப்பதில்லை. உங்கள் பில்லில் ரெக்ரியேஷன் ஃபீ என்று ஒரு வரி இருக்கும், அது நீங்கள் போகும் ஜிம்முக்கு. கோட்டா (COTA) என்ற வரி நகரப் பஸ்ஸுக்கு. நீச்சல், மல்யுத்தம், பெண்கள் வாலிபால் என்று 36 விளையாட்டுகளை நடத்தும் செலவில் பெரும்பகுதியை ஃபுட்பால்தான் சுமக்கிறது. அப்படிப்பட்ட துறைக்கே 2024 நிதியாண்டில் சுமார் 3.77 கோடி டாலர் பற்றாக்குறை வந்தது. அந்த சீசனில் சொந்த மைதானத்தில் ஆறு ஆட்டம்தான் நடந்தது ஒரு முக்கியக் காரணம். இப்போது ஆட்டக்காரர்களுக்கான பங்கும் சேர்ந்திருக்கிறது. அதை எங்கிருந்து ஈடுகட்டுவார்கள் என்றால், முதலில் டிக்கெட்டிலும் நன்கொடையிலும் விளம்பரத்திலும்தான் கை வைப்பார்கள் என்பது என் கணிப்பு.

ஆனால் இதே மாநிலத்தில் கென்ட் ஸ்டேட், பௌலிங் கிரீன், ஆக்ரன் போன்ற மிட் அமெரிக்கன் கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே பெரும்பாலானவற்றில் விளையாட்டுத் துறையின் வரவில் பாதிக்கு மேல் பல்கலைக்கழக நிதியும் மாணவர் கட்டணமும்தான். மைதானம் நிரம்பாது, டிவிப் பணம் சொற்பம். பெரிய அணிகளிடம் போய் ஆடுவதற்குக் கூலி வாங்கிச் சமாளிக்கிறார்கள். அதே கூட்டமைப்பிலிருந்த நார்தர்ன் இலினாய் 2024 செப்டம்பரில் நோட்ரடேமுக்குப் போய் 14 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஆடி, 16-14 என்று ஜெயித்தும் வந்தது. அப்படி ஒரு நாள் அபூர்வம். மற்றபடி அந்த அணிகளின் செலவில் கணிசமான பங்கை, ஆட்டத்தைப் பார்க்கவே போகாத, மாலையில் கடையில் வேலை செய்து படிக்கிற பிள்ளைகள் கட்டுகிறார்கள், பலர் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். ஒஹாயோ ஸ்டேட்டைப் பற்றி எழுதுவதைவிட எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும் போலிருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், பில்லில் ஜெனரல் ஃபீ என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் எவ்வளவு விளையாட்டுத் துறைக்குப் போகிறது என்பது பல்கலைக்கழக நிர்வாகக்குழு ஆண்டுதோறும் நிறைவேற்றும் பட்ஜெட்டில் இருக்கும். அதில் பிடிபடாவிட்டால் என்.சி.ஏ.ஏ.வுக்குக் கொடுத்த நிதியறிக்கையைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.